மூன்று வரிதானே!

பெண்கள் எழுதுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் நல்லெண்ணத்தோடு ஓர் அறிவுரை வந்து விழும். "நாவல் எழுத நேரம் இல்லையா? ஹைக்கூ எழுதுங்கள். மூன்று வரிதானே!" குழந்தை தூங்குகிற நேரத்தில் எழுதிவிடலாமாம். பேருந்துக்குக் காத்திருக்கும்போது எழுதிவிடலாமாம். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள், விசிலுக்கு ஒரு வரியாக முடித்துவிடலாமாம். இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். இலக்கியக் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்கள், நம் வீட்டு ஆண்கள், சில நேரம் நம் தோழிகளே.

இந்த அன்பான அறிவுரைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பெண்ணின் நேரம் இவ்வளவுதான், அது மாறப்போவதில்லை. ஆகவே அந்த நேரத்துக்குள் அடங்குகிற அளவுக்கு இலக்கியத்தை வெட்டிக் கொடுப்போம் என்கிற கணக்கு. அவளுடைய நேரத்தைக் கூட்ட யாரும் முன்வருவதில்லை. இலக்கியத்தைக் குறைத்துக் கொடுக்க எல்லோரும் முன்வருகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கணக்குக்கு எதிரானது. ஹைக்கூவுக்கு எதிரானது அல்ல. ஹைக்கூவை நேசிப்பதால்தான் எழுதுகிறேன்.

நான் நூலகர். குடியிருப்பது வரதராஜன்பேட்டையில். அரியலூர் மாவட்டத்தில், ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில், செம்மண்ணும் முந்திரித் தோப்பும் மாதா கோயிலுமாக இருக்கும் பேரூர். வேலை பார்ப்பது பக்கத்து ஊரில் உள்ள ஒரு சிறிய நூலகத்தில். சில காலமாக ஹைக்கூ எழுதிப் பார்க்கிறேன். அதனால் இந்த "மூன்று வரிதானே" என் காதில் கொஞ்சம் அதிகமாகவே விழுகிறது.

முதலில் ஒரு கேள்வி. வள்ளுவர் எழுதியது இரண்டடி. ஏழே சீர். பாவம், அவருக்கு வீட்டு வேலை அதிகம், அதனால்தான் இரண்டடியோடு நிறுத்திக்கொண்டார் என்று எந்த உரையாசிரியராவது எழுதியிருக்கிறாரா? குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கடி முதல் எட்டடிக்குள் முடிந்துவிடும். அதில் ஔவையார் இருக்கிறார், வெள்ளிவீதியார் இருக்கிறார், கச்சிப்பேட்டு நன்னாகையார் இருக்கிறார். அவர்களுடைய சுருக்கத்தை நாம் வகுப்பில் செறிவு என்றுதான் படித்தோம். 1916இல் பாரதி புதுச்சேரியிலிருந்து சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். அதன் சுருக்கத்தை அவர் வியந்தார். வேலைக்கு நடுவே எழுதிவிடலாம் என்பதற்காக வியக்கவில்லை. ஆண் சுருக்கி எழுதினால் அது செறிவு. பெண் சுருக்கி எழுதினால் அது நேரமின்மை. ஒரே மூன்று வரிக்கு இரண்டு தராசு.

ஹைக்கூவுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்? 1689இல் பாஷோ, சோரா என்ற சீடரோடு எடோவிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். ஏறக்குறைய ஐந்து மாதங்கள் நடந்தார். வழியில் மலை பார்த்தார், கடல் பார்த்தார், இரவெல்லாம் மழை கேட்டார். அந்த நடையிலிருந்து பிறந்தவை அந்தச் சின்னக் கவிதைகள். வரியை எண்ணுகிறவர்கள் அந்த ஐந்து மாதத்தை எண்ணுவதில்லை. நான் எங்கள் ஊரில் நிலவு பார்க்கலாம் என்று இரவு எட்டு மணிக்கு முந்திரித் தோப்புப் பக்கம் தனியாக நடந்து போனால் மறுநாள் காலை பால் வாங்குகிற இடத்தில் அதுதான் பேச்சாக இருக்கும்.

ஹைக்கூ எழுதக் கண் சும்மா இருக்க வேண்டும். எதையும் தேடாமல், எதற்கும் பதில் சொல்லாமல், ஒரு பொருளின் எதிரில் நிற்க வேண்டும். சும்மா இருப்பதை ஞானமாகப் போற்றிய மொழி நம்முடையது. ஆனால் அந்த ஞானம் ஆண்களுக்கு மட்டும். பெண் சும்மா இருந்தால் அதற்குப் பெயர் சோம்பல். "என்ன, சும்மா உட்கார்ந்திருக்கே?" என்ற கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த பெண் யாராவது இதை வாசிக்கிறீர்களா?

நூலகர் என்றால் நாள் முழுக்க வாசிப்பவள் என்று பலர் நினைக்கிறார்கள். "கொடுத்து வைத்தவ, புத்தகத்துக்கு நடுவுலயே வேலை" என்பார்கள். உணவகச் சமையல்காரர் நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டா இருக்கிறார்? கதவைத் திறந்து கூட்டிப் பெருக்க வேண்டும். நாளிதழ்களைப் பிரித்து மேசையில் போட வேண்டும். வருகிற புத்தகத்தை வரவு வைக்க வேண்டும், போகிற புத்தகத்தைப் பதிய வேண்டும். அலமாரியில் கரையான் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பழைய வினாத்தாள் கேட்பார்கள். மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்பார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு நாவலை மேசைமேல் விரித்தால், "என்ன மேடம், இன்னைக்கு வேலை இல்லையா?" என்று ஒரு குரல் வரும். நாளிதழை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை வாசிக்கும் ஆண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. புத்தகத்தைப் பற்றித் தெரிந்தவள்தான் புத்தகத்தைக் கைமாற்ற முடியும். வாசிப்பு நூலகரின் வேலையிலேயே சேர்த்தி. ஆனால் பெண்ணின் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் அது வேலை நேரத் திருட்டாகத் தெரிகிறது.

ஆக, என் வாசிப்பு நூலகத்துக்கு வெளியே நடக்கிறது. பேருந்தில் இருபது நிமிடம். சோறு கொதிக்கும்போது பத்து நிமிடம். இரவு பத்துக்கு மேல், கண் இழுக்கும் வரை. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலை முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. நாவல் கடினம் என்பதால் அல்ல. ஒவ்வொரு இரவும் முந்தைய இரவு வாசித்த இரண்டு பக்கத்தை மறுபடி வாசித்தால்தான் கதை கைக்கு வரும். துண்டு துண்டாக வாசிக்கிற பெண்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். பத்து நிமிடம் கிடைத்தால் அதில் ஐந்து நிமிடம் விட்ட இடத்துக்குத் திரும்பவே போய்விடும். உப்பளத் தொழிலாளிகளோடு பழகி ராஜம் கிருஷ்ணன் எழுதிய அந்த நாவல்தான், எங்கள் ஊர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்க்க எனக்குக் கண் கொடுத்தது. கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். விரல் கறுத்துப்போகும். சோப்புப் போட்டாலும் போகாது. அப்படி எழுதியது இது:

வெள்ளை வெளேர் முந்திரிப் பருப்பு
எடைபோடும் பெண்ணின்
கறுத்த விரல்கள்

எழுதிய நேரம் இரண்டு நிமிடம் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு நாவல், இரண்டு மாத இரவுகள், எத்தனையோ நாள் பார்த்த கைகள். இதைத்தான் மூன்று வரிதானே என்கிறார்கள்.

இன்னொன்று. நூலகத்திலிருந்து எடுத்துப் போகப்பட்டுத் திரும்பி வரும் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பது என் வேலை. பக்கம் கிழிந்திருக்கிறதா, எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் கண்ணில் பட்டது:

திரும்பி வந்த நாவல்
நாற்பதாம் பக்கத்தில்
மஞ்சள் விரல் ரேகை

இதைக் கேட்ட ஒரு பெரியவர் கடைசி வரியை 'தாய்மையின் முத்திரை' என்று மாற்றச் சொன்னார். அப்போதுதான் கவிதையில் உணர்ச்சி வருமாம். நான் மாற்றவில்லை. அந்த மஞ்சள் தாய்மை அல்ல. அது குழம்புக்குப் போட்ட மஞ்சள். ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் புத்தகமுமாக ஒரு பெண் நாற்பதாம் பக்கம் வரை வந்திருக்கிறாள். அதற்குமேல் எந்தப் பக்கத்திலும் கறை இல்லை. கை கழுவிவிட்டு வசதியாக உட்கார்ந்து மீதியை வாசித்தாளா, அல்லது யாராவது கூப்பிட, புத்தகத்தை மூடி வைத்தவள் பிறகு திறக்கவே இல்லையா? கவிதை அந்தக் கேள்வியோடு நிற்கிறது. 'தாய்மை' என்று முடித்திருந்தால் கேள்வி செத்திருக்கும். பெண்ணின் களைப்பைப் புனிதமாக்குவதற்கு நம் மொழியில் சொற்கள் ஏராளம். எண்ணிக் கணக்குச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

கணக்கு இருக்கிறது. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடுகிற ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். வித்தியாசம் 202 நிமிடம். வாரத்துக்குக் கூட்டினால் 23 மணி நேரத்துக்கும் மேல். என்னுடைய 'கரிப்பு மணிகள்' ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். எழுதிப் பார்க்கவும் நேரம் மிஞ்சியிருக்கும்.

பாரதி ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய அதே 1916இல் ஜப்பானில் ஒன்று நடந்தது. தகஹாமா கியோஷி அந்நாட்டு ஹைக்கூ உலகின் பெரிய அதிகாரம். அவர் நடத்திய ஹொதொதொகிசு இதழில் பெண்களுக்கென்று ஒரு பகுதி தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் சமையலறைக் கவிதைகள் என்று பொருள்படும். கதவு திறந்தது உண்மை. அது சமையலறைக்குள் திறந்தது என்பதும் உண்மை. அந்தக் கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர் சுகிதா ஹிசாஜோ. வந்தவர் சமையலறையோடு நிற்கவில்லை. 1932இல் சொந்தமாக ஓர் இதழ் தொடங்கினார். தன் தொகுப்புக்குக் கியோஷியின் முன்னுரை வேண்டுமென்று கேட்டுக் காத்திருந்தார், கிடைக்கவில்லை. 1936இல் காரணம் சொல்லாமல் ஹொதொதொகிசு வட்டத்திலிருந்து நீக்கப்பட்டார். 1946இல் இறந்தார். அவருடைய தொகுப்பு வெளிவந்தது 1952இல். மூன்று வரி எழுத அனுமதித்தவர்கள் முந்நூறு வரியை ஒன்றாகச் சேர்த்துப் புத்தகம் போட எளிதில் விடுவதில்லை.

இன்னொருவர் தகேஷிதா ஷிஸுனோஜோ. என் தொழில்காரர். 1887இல் பிறந்தவர். 1920இல் ஹொதொதொகிசு இதழில் அவருடைய கவிதைகள் முதலிடத்தில் வந்தன. அந்த இடத்தைப் பெற்ற முதல் பெண் அவர். அவற்றில் புகழ்பெற்ற ஒன்று, கோடை இரவில் பாலுக்கு அழும் குழந்தையோடு தூங்க முடியாமல் கிடக்கும் தாயின் எரிச்சலைச் சொல்வது. தாய்மையின் முத்திரை அதில் இல்லை. பெண் என்றால் மென்மையாக எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு அவர் கட்டுப்படவில்லை. படித்த ஆண்களின் சொத்தாக இருந்த சீன நடையைத் தன் கவிதைக்குள் கொண்டுவந்தார். 1933இல் கணவர் இறந்தார். ஐந்து பிள்ளைகள். ஃபுகுவோகாவின் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டே எழுதினார். அவருடைய தொகுப்பு 1940இல் வந்தது. அந்த வேலை அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. புத்தகங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியும் மாதச் சம்பளமும். எழுதுகிற பெண்ணுக்கு அதைவிடப் பெரிய உதவியை எந்த அறிவுரையும் செய்ததில்லை.

ஜப்பான் தூரம் என்றால் எங்கள் பழைய திருச்சி மாவட்டத்துக்கே வாருங்கள். துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா பருவமடைந்த பிறகு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். திருமணத்துக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் கழிப்பறைக்குள் நின்று துண்டுக் காகிதங்களில் கவிதை எழுதினார். 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பாக வந்தது. இன்று பல மேடைகளில் இதைச் சாதனைக் கதையாகச் சொல்கிறார்கள். "அவங்களே கழிவறையில எழுதினாங்க, உங்களுக்கு என்ன?" என்று கல்லூரி மாணவிகளிடம் கேட்கிறார்கள். சல்மாவின் எழுத்து அவருடைய வெற்றி. அந்தக் கழிப்பறை நம்முடைய அவமானம். அவமானத்தை முன்மாதிரி ஆக்காதீர்கள்.

எதிர்வாதம் வரும். தெரிந்ததுதான். "நேரமில்லாத பெண்களுக்கு ஹைக்கூ ஒரு வாசல், அதையும் அடைக்கிறீர்களா?" இல்லை. தமிழில் 1984இல் ஹைக்கூவுக்கென்று தனித் தொகுப்புகள் வரத் தொடங்கியதிலிருந்து இது பெண்களுக்கும் வாசலாகத்தான் இருக்கிறது. மித்ரா எழுதினார். தி. லீலாவதி ஜப்பானியக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். வாசல் இருக்கட்டும். வாசலிலேயே பாய் விரித்து, உனக்கு இது போதும் என்று உட்கார வைப்பதைத்தான் மறுக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அங்கேயே உட்கார்ந்து அடுப்பையும் மஞ்சளையும் எழுதினால், "எப்பப் பார்த்தாலும் சமையலறைதானா, இவர்களுக்கு உலகமே தெரியாதா?" என்ற விமர்சனமும் அதே வாயிலிருந்து வரும்.

"ஆண்களுக்கும்தான் நேரமில்லை, இப்போது யார் வாசிக்கிறார்கள்" என்பது இரண்டாவது வாதம். காலை நேரத்தில் ஏதாவது ஒரு கிராம நூலகத்தின் நாளிதழ் மேசையைப் போய்ப் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று எண்ணுங்கள். அவர்கள் வீட்டில் அந்த நேரத்தில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்றும் எண்ணுங்கள். என் நூலகம் காலையில் திறந்து, மதியம் மூடி, மாலையில் மறுபடி திறக்கிறது. காலையில் பெண்ணுக்குச் சமையல். மாலையில் பிள்ளைகளும் மறுபடி சமையலும். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். அப்போது நூலகம் பூட்டியிருக்கும். இதை யாரும் சதி செய்து அமைக்கவில்லை. வாசகர் என்றதும் ஓர் ஆணை மனதில் வைத்து நேரம் குறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. அதை விளக்கும் இடத்தில் ஆண்–பெண் பேதத்தையும் நகரம்–கிராமம் பேதத்தையும் அவர் தனித்தனியே எடுத்துப் பேசுகிறார். அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்று நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடிப் புத்தகம் கொண்டு போகிறார்கள். புத்தகம் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. நல்லது. அதை வாசிக்க நேரம் வந்து சேர்ந்ததா? அதற்கு மாட்டு வண்டியும் போகவில்லை, சட்டமும் போகவில்லை.

இது யாரிடமும் கேட்கும் சலுகை இல்லை. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்கிறது. முந்திரிக்கொட்டை உடைத்த கூலியிலிருந்து வரி கட்டும் பெண்ணின் காசும் அதில் இருக்கிறது. நூலகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. அதில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

ஆகவே வேண்டுவதை வெளிப்படையாகச் சொல்கிறேன். வாரத்தில் சில நாளாவது மதிய நேரத்தில் நூலகம் திறந்திருக்கட்டும். ஒவ்வொரு நூலகத்திலும் பெண்கள் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் தண்ணீரும் இருக்கட்டும். எழுதுவதற்கு அல்ல, கழிப்பறையாகப் பயன்படுத்துவதற்கு. நூலகரின் வாசிப்பு வேலை நேரமாகக் கணக்கில் வரட்டும். போட்டித் தேர்வு நூல்களும் கோலப் புத்தகங்களும் இருக்கட்டும். அவற்றோடு அம்பையும் ராஜம் கிருஷ்ணனும் சல்மாவும் அலமாரியில் இருக்கட்டும். வீடுகளில் அந்த 202 நிமிடத்தைப் பற்றிப் பேச்சு தொடங்கட்டும். இலக்கியக் கூட்டத்தில் பெண் எழுத்தைப் பாராட்டிப் பேசுகிற ஆண், கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவட்டும். அதற்கு முன்னுரை எதுவும் தேவையில்லை.

கல்லூரியில் படிக்கிற தங்கைகளுக்கு ஒன்று. ஹைக்கூ எழுதுங்கள். பார்த்ததை எழுதுங்கள், விளக்கத்தை அடித்துவிடுங்கள், யாராவது தாய்மை என்றால் காது கேட்காததுபோல் இருந்துவிடுங்கள். ஆனால் நேரம் இல்லை என்பதற்காக எழுதாதீர்கள். அந்தப் பொருளுக்கு மூன்று வரிதான் சரி என்று தோன்றினால் எழுதுங்கள். முந்நூறு பக்கம் வேண்டும் என்று தோன்றினால் முந்நூறு பக்கத்துக்கான நேரத்தைக் கேளுங்கள். கேட்டும் கிடைக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று வீட்டில் குழம்பு வைக்க வேறு கைகள் இருக்கின்றன.